இயற்கை மருத்துவர் ஆக ஆசையா? கொழும்புப் பிள்ளைகளுக்கு இருக்கும் வழிகள்

உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் முன்பெல்லாம் என்னிடம் கேட்பது, எம்.பி.பி.எஸ். கிடைக்குமா, கிடைக்காவிட்டால் பல் மருத்துவமா கால்நடை மருத்துவமா என்பதைத்தான். இப்போது அந்த வரிசையில் இயற்கை மருத்துவமும் சேர்ந்திருக்கிறது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அம்மம்மாவின் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, சாப்பாட்டாலும் பழக்கத்தாலும் வந்த வருத்தத்தை அதே சாப்பாட்டாலும் பழக்கத்தாலும் குறைக்க ஏலாதா என்று கேட்கிறது. நல்ல கேள்வி. அதையே வாழ்நாள் வேலையாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்கும், அதற்குக் காசு கட்டப்போகும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

உயிரியல் படிப்பிக்கிறவள் என்ற முறையில் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். பாடநெறியின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். படித்து முடித்த பிறகு எந்த நாட்டில் இருந்து நோயாளரைப் பார்க்கப்போகிறீர்கள், அந்த நாட்டின் எந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் என்பதிலிருந்து தொடங்குங்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசித் தெரிவுகள் தானாகவே விலகிவிடும்.

நம் நாட்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது

மேலைத்தேய மருத்துவர்களைப் பதிவது இலங்கை மருத்துவ சபை. ஹோமியோபதிக்குத் தனிச் சட்டம் உண்டு. 1970இல் வந்தது, பிறகு 2016இல் புதுச் சட்டம் வந்தது. சுதேச மருத்துவத்துக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் அதன் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபையும் இருக்கின்றன. இயற்கை மருத்துவத்துக்கு என்று தனிச் சட்டமும் இல்லை, தனிச் சபையும் இல்லை. கொழும்பில் இருந்து முடிவெடுக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் பார்க்கவேண்டும்.

1961 சட்டத்தில் கவனிக்கவேண்டிய ஒரு வரி இருக்கிறது. ஆயுர்வேதம் என்பதற்குள் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை எனப்படும் நம் நாட்டு வைத்தியம் ஆகியவை அடங்கும் என்று சொல்லிவிட்டு, ஆசிய நாடுகளுக்கு உரியவை என்று அந்தந்த நாட்டு அரசுகள் ஏற்றுக்கொண்ட வேறு மருத்துவ முறைகளையும் அது சேர்த்துக்கொள்கிறது. இந்தியாவில் இயற்கை மருத்துவம் படித்தவர் இந்த வரியைக் காட்டி வாதாடலாம். இந்திய அரசில் பாரம்பரிய மருத்துவ முறைகளைப் பார்க்கும் ஆயுஷ் அமைச்சு யோகாவையும் இயற்கை மருத்துவத்தையும் தன் கீழ்தானே வைத்திருக்கிறது? ஆனால் எதிர்வாதமும் பலமானது. இந்த முறையின் வேர் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் இருக்கிறது. செபஸ்தியான் க்னைப், லூயி கூனே போன்றவர்களின் தண்ணீர்ச் சிகிச்சையிலிருந்து வளர்ந்து, காந்தியின் ஈடுபாட்டால் இந்தியாவில் பரவியது. இதை ஆசியாவுக்கு உரியது என்று ஏற்பதா இல்லையா என்பதை முடிவுசெய்வது சபை, நாமல்ல. ஐந்தரை வருடப் படிப்பை அந்த ஒரு வரியை மட்டும் நம்பித் தொடங்கவேண்டாம். போவதற்கு முன்பே சபைக்கு எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் நிலையத்தில் இருக்கிறவர் "பிரச்சினை இல்லை, பிறகு பார்க்கலாம்" என்று சொன்னால், பிறகு அதைப் பார்க்கப்போவது அவரல்ல, நீங்கள்தான்.

பெயர் ஒன்று, தொழில் வேறு

பிள்ளைகள் அடிக்கடி குழம்பும் இடம் இது. இந்தியாவில் இயற்கை மருத்துவம் என்றால் மருந்தில்லா மருத்துவம். நீர்ச் சிகிச்சை, மண் சிகிச்சை, உண்ணாநோன்பு, உணவு முறை, மசாஜ், யோகா, அக்குபங்சர், இயன்மருத்துவத்தில் (பிசியோதெரபியில்) ஒரு பகுதி என்று போகும். வட அமெரிக்காவில் அதே பெயரில் இருக்கிறவர் மூலிகை கொடுப்பார், விற்றமின் கொடுப்பார், ஹோமியோபதியும் படித்திருப்பார். ஒரிகன், வொஷிங்டன், அரிசோனா போன்ற மாநிலங்களில் சில ஆங்கில மருந்துகளையும் எழுதலாம். நம்முடைய சித்த மருத்துவமோ மருந்து நிறைந்தது. அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்து, சூரணம், லேகியம், பற்பம், செந்தூரம் என்று விரியும் ஒரு பெரிய மருந்துக் கலை அது.

ஆகவே பிள்ளையிடம் முதலில் கேட்கவேண்டியது: உனக்கு மருந்து கொடுக்கவே விருப்பமில்லையா, அல்லது ஆங்கில மருந்தை மட்டும் நம்பியிருக்க விருப்பமில்லையா? முதலாவது என்றால் இந்தியப் பட்டம்தான் மனதுக்கு நெருக்கம். இரண்டாவது என்றால் சித்தமோ ஆயுர்வேதமோ ஒத்துவரும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது வகை, ஆனால் முதலாவது வகை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

வழி ஒன்று: நாட்டுக்குள்ளேயே சுதேச மருத்துவப் பட்டம்

தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் தெரிவுசெய்யும் சித்த மருத்துவப் பட்டம், அதாவது பி.எஸ்.எம்.எஸ்., இரண்டு இடங்களில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் படிப்பு 1984இல் தொடங்கியது; கைதடியில் இருக்கிறது, பக்கத்திலேயே போதனா வைத்தியசாலையும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் 2008இல் தொடங்கியது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில். ஐந்து வருடப் படிப்பு, அதன்மேல் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. படிப்புக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மஹாபொல உதவித்தொகையும் கிடைக்கும். முடித்ததும் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை, இந்த வழியின் பெரிய பலமும் அதுதான்.

கொழும்பை விட்டுப் போக ஏலாத பிள்ளைக்கு இராஜகிரியவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுதேச மருத்துவ பீடம் இருக்கிறது. 1929இல் தொடங்கிய சுதேச வைத்திய வித்தியாலயத்தின் தொடர்ச்சி அது. அங்கே ஆயுர்வேதமும் யுனானியும் படிக்கலாம். பொரளை தேசிய ஆயுர்வேத வைத்தியசாலையும் கிட்ட. கொஞ்சம் தள்ளி யக்கலையில் கம்பஹா விக்கிரமாராச்சி சுதேச மருத்துவப் பல்கலைக்கழகம். அதுவும் 1929இல் தொடங்கிய நிறுவனம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. கொழும்பில் பிறந்து சிங்களம் தடையில்லாமல் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த இரண்டையும் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மனவருத்தம். வீட்டுச் சாப்பாடு, வீட்டுக் கட்டில், நாளைக்குத் தொழில் செய்யப்போகும் அதே நகரத்து நோயாளிகள். இதையெல்லாம் ஏன் முயற்சிக்கூடச் செய்யாமல் விடவேண்டும்?

இங்கேயும் குறைகள் உண்டு. முதலாவது இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கொடுக்கும் புள்ளி. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் தகுதியிலும் 55 மாவட்ட அடிப்படையிலும் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போவது பொது விதி. கொழும்பு மாவட்டப் பிள்ளைக்கு எந்தச் சலுகையும் இல்லை. போன வருடங்களின் வெட்டுப்புள்ளியை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வெளியீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது காத்திருப்பு. பரீட்சை, பெறுபேறு, அனுமதி, வகுப்புத் தொடங்குவது என்று வீட்டிலேயே ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். மூன்றாவது வேலை. அரச நியமனம் உடனே கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். சுதேச மருத்துவப் பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதிக்கு வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். தனியாகச் செய்கிறவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பேருவளை, பெந்தோட்டைப் பக்கத்து ஆயுர்வேத ஹோட்டல்களும் பதிவுபெற்ற மருத்துவர்களைத் தேடுகின்றன. ஆனால் அந்த வேலை சுற்றுலாப் பயணிகளின் வருகையோடு ஏறி இறங்கும்.

வழி இரண்டு: இந்தியாவில் பி.என்.வை.எஸ்.

இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த இளநிலைப் பட்டம் இது. நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. உடற்கூறியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம், நுண்ணுயிரியல், நோயியல் எல்லாம் முதல் வருடங்களில் வருகின்றன. இதை யாரும் லேசான படிப்பு என்று நினைத்துப் போகவேண்டாம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் உயர்தரத்தில் இருக்கவேண்டும்.

சென்னை அரும்பாக்கத்தில் தமிழ்நாடு அரசின் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செங்கல்பட்டிலும் அரசு நிறுவனம் ஒன்று. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கர்நாடகத்தில் உஜிரே எஸ்.டி.எம். கல்லூரி 1989இல் தொடங்கியது, இந்தத் துறையில் பெயர்போன பழைய கல்லூரி. அரசுக் கல்லூரி இடங்கள் முதன்மையாக அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு உரியவை. இலங்கைப் பிள்ளை பெரும்பாலும் தனியார் கல்லூரிக்குத்தான் போகவேண்டிவரும்.

சென்னைக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் பெரிய நன்மை மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் நோயாளி பேசுவது தமிழ். "நெஞ்சு கரிக்குது", "கால் மதமதன்னு இருக்கு" என்று அவர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டுப் பழகுவது பெரிய பயிற்சி. உஜிரேயில் அது கிடைக்காது. அங்கே கன்னடமும் துளுவும்.

ஒழுங்குமுறைதான் என்னை யோசிக்க வைக்கிறது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய ஆணையம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, சோவா ரிக்பா என்ற திபெத்திய மருத்துவம் ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. இயற்கை மருத்துவம் அதற்குள் இல்லை. ஆகவே பதிவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கர்நாடகத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டமே இயற்கை மருத்துவத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நம்முடைய ஆயுர்வேதச் சட்டம் வந்த அதே வருடம். நம்முடையது அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கல்லூரியைத் தெரிவுசெய்யும்போது, இந்த மாநிலத்தில் என் பெயர் எந்தச் சபையில் பதிவாகும், வெளிநாட்டுக் குடிமகனையும் பதிவார்களா என்று இரண்டு கேள்வியும் கேளுங்கள். அங்கேயே வேலை செய்யும் எண்ணம் இருந்தால், அரசு வேலைகள் இந்தியக் குடிமக்களுக்கானவை என்பதையும் மறக்கவேண்டாம். பெங்களூர் ஜிண்டால் இயற்கை மருத்துவமனை போன்ற தனியார் இடங்கள்தான் இலக்காக இருக்கும்.

கைதடியா, சென்னையா?

வீடுகளில் உண்மையாகவே நடக்கும் விவாதம் இதுதான். இதில் நான் பக்கம் சார்ந்துதான் பேசுகிறேன்: இசட் புள்ளி சித்தத்துக்குக் காணுமென்றால், இலங்கையில் வாழ நினைக்கும் பிள்ளை கைதடிக்கோ திருகோணமலைக்கோ போகட்டும்.

காரணம் பணம் மட்டுமல்ல. பணத்தையே எடுத்துக்கொண்டால்கூட, 2022இல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருட மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. பிள்ளைகளை வெளிநாட்டில் படிப்பித்துக்கொண்டிருந்த வீடுகளில், கட்டணம் ஒரு சதமும் ஏறாமலே செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனது. இந்தியா மலிவு என்பது உண்மை, ஆனால் ஐந்தரை வருடக் கட்டணம், விடுதி, பயணம் எல்லாம் வெளிநாட்டு நாணயத்தில்தான் போகும். கொழும்பில் இருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம், யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் ஒரு முழு இரவு; இருந்தும் பஸ் டிக்கெட்டின் விலையில்தான் நாம் நிம்மதியாக இருக்கலாம்.

அதைவிட முக்கியமான காரணம் வேறு. சித்த மருத்துவப் பதிவு இருக்கிறவர் இங்கே சட்டப்படி நோயாளியைப் பார்க்கலாம். அதன்பிறகு உணவு முறை, யோகா, உண்ணாநோன்பு, நீர்ச் சிகிச்சை என்று எதை மேலதிகமாகப் படித்தாலும் அது அவருடைய தொழிலோடு சேரும். யோகாவுக்குக் கொழும்பு 7இல் இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் சுவாமி விவேகானந்தா கலாசார நிலையத்தில் வகுப்புகள் இருக்கின்றன. மேற்படிப்புக்குத் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே எம்.டி. சித்தா படிக்கலாம். சித்தத்தில் பத்தியமும் தினசரி ஒழுக்கமும் ஏற்கெனவே அடிப்படைப் பாடம் என்பதால், இயற்கை மருத்துவத்தின் பெரும்பகுதி அந்தப் பிள்ளைக்குப் புதிதாகவே இருக்காது. மறுபக்கம், பி.என்.வை.எஸ். முடித்து வந்து பதிவு கிடைக்காமல் போனால் அந்த ஐந்தரை வருட அறிவும் ஒரு யோகா ஆசிரியர் வேலைக்குள் சுருங்கிவிடும். நல்ல வேலைதான், ஆனால் மருத்துவர் ஆகப் போன பிள்ளைக்கு அது போதுமா?

எந்தப் பிள்ளைக்கு நான் சென்னையைச் சொல்வேன்? மருந்து கொடுக்கும் முறையே தன் மனதுக்கு ஒத்துவராது என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு. இந்தியாவிலேயே தங்கவோ, வேறு நாட்டில் ஆரோக்கிய விடுதிகளில் வேலை செய்யவோ தயாராக இருக்கும் பிள்ளைக்கு. அல்லது ஆயுர்வேத மருத்துவ சபையின் எழுத்துப் பதிலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு. சித்தத்தில் பற்பமும் செந்தூரமும் உலோகங்களிலிருந்து செய்யப்படுகின்றன. "உடம்புக்குள் எதையும் போடாமல் குணமாக்கவேண்டும்" என்று நம்பும் பிள்ளையை அதற்குள் தள்ளினால் ஐந்து வருடமும் அரைமனதோடுதான் படிக்கும். அதை நான் விரும்பவில்லை.

கனடா, அமெரிக்கா

சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இது எல்லோருக்குமான வழியல்ல. அங்கே என்.டி. என்ற இயற்கை மருத்துவப் பட்டம் இளங்கலைப் படிப்புக்குப் பிறகு படிக்கும் நாலு வருடப் பாடநெறி. அங்கீகாரம் கொடுப்பது 1978இல் தொடங்கிய சி.என்.எம்.இ. என்ற சபை, அது கேட்பது குறைந்தது 4,100 மணித்தியாலப் படிப்பு, அதில் 1,200 மணித்தியாலம் நோயாளர்களோடு. பிறகு தொழில் உரிமத்துக்கான என்பிளெக்ஸ் பரீட்சை இரண்டு பகுதியாக. சியாட்டிலுக்குப் பக்கத்தில் பாஸ்டியர் பல்கலைக்கழகமும் ரொறன்ரோவில் கனேடிய இயற்கை மருத்துவக் கல்லூரியும் தெரிந்த பெயர்கள்.

நம் ஆட்களுக்கு ரொறன்ரோதான் பொருத்தம். ஒன்ராறியோவில் 2015 ஜூலை முதல் இந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டமும் பதிவுச் சபையும் இயங்குகின்றன. ஸ்காபரோவில் தமிழில் பேசக்கூடிய இயற்கை மருத்துவருக்கு நோயாளிகள் தேடிவருவார்கள். ஆனால் கட்டணம் வருடத்துக்குப் பல பத்தாயிரம் டொலர், முன்னால் ஒரு இளங்கலைச் செலவு வேறு. குடும்பத்தோடு ஏற்கெனவே குடிபெயரும் பிள்ளைக்கு நல்ல வழி. இதைப் படிப்பதற்காகவே வீட்டை விற்றுப் போகிற பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். சில மாநிலங்களில் உரிமம் உண்டு, டெனசி போன்ற இடங்களில் தொழிலே தடை. இன்னொன்று: இந்தியாவில் பி.என்.வை.எஸ். படித்துவிட்டு நேரே ஒன்ராறியோவில் பதிவு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சி.என்.எம்.இ. அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவர்கள் ஏற்கெனவே படித்ததை எடைபோடும் முன்கற்றல் மதிப்பீடு ஒன்றைத் தாண்டவேண்டும். அது லேசான வேலை அல்ல.

ஒன்லைன் டிப்ளோமா

ஆறு மாதத்தில் இயற்கை மருத்துவ டிப்ளோமா, பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடலாம் என்ற விளம்பரங்கள் கைபேசியில் வந்துகொண்டே இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட அளவுகோல், இயற்கை மருத்துவப் பயிற்சிக்குக் குறைந்தது 1,500 மணித்தியாலமும், அதில் 400 மணித்தியாலமாவது மேற்பார்வையோடு நோயாளர்களைப் பார்க்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. திரையைப் பார்த்து மட்டும் படிக்கும் எந்தப் பாடநெறியும் அந்த 400ஐத் தொடாது. தன் வீட்டுச் சமையலை மாற்றிக்கொள்ள, தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள யாரும் படிக்கலாம், தாராளமாகப் படியுங்கள். அந்தச் சான்றிதழை வைத்து இன்னொருவரின் நாடியைப் பிடிக்கக்கூடாது.

இதை நான் கடுமையாகச் சொல்வதற்கு உயிரியலே காரணம். செவ்விளநீர் நல்லது என்று நாம் எல்லோரும் சொல்வோம். அதில் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரகம் பழுதானவருக்கு அது வெளியேறாமல் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். இலைக்கஞ்சி நல்லது, ஆனால் பச்சை இலைகளில் இருக்கும் விற்றமின் கே, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவரின் மருந்தை எதிர்த்து வேலை செய்யும். உண்ணாநோன்பு நல்லது, இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவர் சீனி இறங்கி மயங்கிவிழலாம். இன்னொரு பக்கம், முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்து, இரத்தம் அமிலமாகி, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. இவ்வளவும் நம் வீடுகளில் "இயற்கைதானே, என்ன செய்துவிடும்" என்று கொடுக்கப்படும் பொருட்கள், சொல்லப்படும் யோசனைகள். இவற்றை எப்போது கொடுப்பது, எப்போது கொடுக்காமல் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று தெரிவதற்குத்தான் நோயியல் படிக்கவேண்டும், வார்டில் நிற்கவேண்டும். வார்டில் எத்தனை மணித்தியாலம் நிற்கவைக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு கல்லூரியை நான் எடைபோடுவேன்.

மருத்துவர் ஆகாமலும் இந்த வேலையைச் செய்யலாம்

சில பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு உண்மையில் வேண்டியது உணவாலும் உடற்பயிற்சியாலும் ஆட்களைத் தேற்றுவதுதான் என்று புரியும். அவர்களுக்கு வயம்ப பல்கலைக்கழகத்தின் உணவு விஞ்ஞானமும் போசணையும், கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் இயன்மருத்துவம் ஆகியவற்றை நான் முதலில் காட்டுவேன். இயன்மருத்துவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதியப்படுகிறார்கள், ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை. முழங்கால் வலியோடு வரும் அம்மாவை மாத்திரை இல்லாமல் நடக்கவைப்பது இயற்கை மருத்துவத்தின் கனவுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது செய்யவேண்டியவை

பெறுபேறு வந்தவுடன் மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் விட்டுவிடாமல் நிரப்புங்கள். "கிடைத்தால் போகலாமா" என்ற யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், நிரப்பாத தெரிவு ஒருநாளும் கிடைக்காது. அதே வாரத்தில் ஆயுர்வேத மருத்துவ சபைக்குக் கடிதம் எழுதுங்கள்: இன்ன பல்கலைக்கழகத்தோடு இணைந்த இன்ன கல்லூரியின் பி.என்.வை.எஸ். பட்டத்துக்குப் பதிவு உண்டா, மேலதிகப் பரீட்சை உண்டா, உள்ளகப் பயிற்சியை இங்கே செய்யவேண்டுமா என்று மூன்று கேள்வி போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதைத் தனியாகக் கேட்கவேண்டும். பல்கலைக்கழகத்தை ஏற்பது வேறு, அந்தப் பட்டத்தோடு நோயாளியைப் பார்க்க அனுமதிப்பது வேறு. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதுக்கும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

இந்திய உயர் ஸ்தானிகராலயம் அறிவிக்கும் ஆயுஷ் புலமைப்பரிசிலையும் கவனியுங்கள். ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஹோமியோபதி ஆகியவற்றை இந்தியாவில் செலவில்லாமல் படிக்க அது வழி செய்கிறது. இயற்கை மருத்துவம் சேர்கிறதா என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்க்கவேண்டும். விண்ணப்பிக்கக் கொடுக்கும் காலம் குறுகியது. கடவுச்சீட்டும் பெறுபேற்றுச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியும் முன்கூட்டியே கையில் இருந்தால், அறிவித்தல் வந்த கிழமையிலேயே அனுப்பிவிடலாம். இந்தியாவுக்குப் போவதாக முடிவானால், 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவோடு போகிறவர் அங்கே இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். விடுதிக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பு அறையில் இருக்கிறவரோடு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், காலை ஒன்பது மணிக்கு வாங்கில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பயிற்சியில் இருக்கும் கடைசி வருடப் பிள்ளை ஒன்றைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்று எத்தனை நோயாளியைத் தொட்டுப் பார்த்தாய், யாரை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய், ஏன் அனுப்பினாய் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையால் மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால் கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.